சியாலா எண்ணாத விருந்து

ஜார்ஜியா நாட்டின் துஷேதி ஊர்த் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் சியாலாவுக்கு விருந்துச் சாப்பாடு ருசித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள் கணவன் கோச்சா ஊருக்கே விருந்துத் தலைவன். கல்யாணமோ ஞானஸ்நானமோ, வாழ்த்துச் சொல்லிக் கோப்பையைக் காலி செய்ய அவனைத்தான் கூப்பிடுவார்கள். சியாலா எதிரில் உட்கார்ந்து கோப்பைகளை எண்ணுவாள். எட்டு தாண்டினால் முறைப்பாள். பன்னிரண்டில் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "வந்துட்டா போலீஸ்காரி" என்று அவன் சபையில் மானத்தை வாங்குவான். போன வருஷம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது தனியாகப் போனவன், படியில் உருண்டு விலா எலும்பை முறித்துக்கொண்டான். தான் எண்ணாவிட்டால் அவன் செத்தே போவான் என்று அன்றைக்கு முடிவுகட்டிவிட்டாள் மகராசி.

குடிப்பவர்களின் வீட்டாருக்கென்று தலைநகர் திபிலீசியில் வாராவாரம் ஒரு கூட்டம் நடக்கிறது. நாத்தனார் நர்கிசா அவளைப் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். கூட்டத்தை நடத்தும் மனநல ஆலோசகர் ஹத்துனா, "எப்படி இருக்கீங்க?" என்றதும் சியாலா பட்டென்று சொன்னாள்:

"நேத்து பதினாலு."

"அது அவரு கணக்கும்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் அதே வியாதிதான்.

மூன்றாவது மாதம் ஹத்துனா ஒரு வேலை கொடுத்தாள். அடுத்த விருந்தில் கணவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும்.

"அவரு விழுந்துட்டா?"

"நீங்க எண்ணுனப்ப விழலையா?"

விழுந்திருக்கிறான். அவள் கண்ணெதிரிலேயே மூன்று தடவை.

நர்கிசாவின் பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. சியாலா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னால் ஒவ்வொரு வாழ்த்து முடியும்போதும் விரல் தானாக மடங்கப் பார்த்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஆவி பறக்க ஹின்காலி வந்தது. அந்த இறைச்சிக் கொழுக்கட்டையைக் கடித்துச் சாற்றை உறிஞ்சித் தின்றுவிட்டு, மேலிருக்கும் மாவுக் கொண்டையை மட்டும் தட்டில் வைத்துவிடுவது வழக்கம். முதல் மூன்றிலும் ருசியே தெரியவில்லை. நாலாவதில் மிளகு நாக்கில் ஏறியது. அப்புறம் கேட்கவா வேண்டும்!

"அண்ணி, வெளுத்து வாங்குறீங்க!" என்றாள் நர்கிசா. தட்டில் எட்டுக் கொண்டைகள் கிடந்தன.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. கோச்சா முகம் வெளிறிக் குனிந்து நின்றான்.

"ஏய் சியாலா, எனக்கு எத்தனை ஆச்சு?"

"தெரியலையே."

"விளையாடாத. நீ எண்ணல?"

"இல்ல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப எங்க நிறுத்துறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதினெட்டு வருஷமாக அவளைத் திட்டிக்கொண்டே, எங்கே நிறுத்துவது என்ற பாரத்தையும் அவன் அவள் தலையிலேயே ஏற்றி வைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது, கண் கலங்குமளவுக்கு.

"நீதான் பாத்துக்கணும் கோச்சா" என்றாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். மேஜைக்குப் போனானா வாசலுக்குப் போனானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறிப்போவதற்குள் ஒன்பதாவதை எடுத்தாள்.