காதர் அண்ணே உடைத்துப் பார்த்த கேப்சூல்

மருந்து ஆய்வில் ஒருங்கிணைப்பாளர் வேலை என்பது, பதில் தெரியாத கேள்விகளுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நிற்பது. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

கையெழுத்துக்கு முன்

காதர் அண்ணேவுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் கடை, சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் கடை. அவருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய், வருடா வருடம் கால் தளர்ந்துகொண்டே போகும் வகை. நான் கூச்சத்தில் தரையைப் பார்த்தபடியே விளக்கினேன்: சில செல்கள் கிழடாகியும் சாகாமல் தங்கி, பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. அவற்றை அகற்றும் மருந்து இந்த நோய்க்கு உதவுமா என்று பார்க்கிறோம். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு அடைத்த கேப்சூல். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

அவர் மனைவியிடம் திரும்பினார். “உன் அண்ணன் மாதிரி லா. வேலையும் செய்ய மாட்டாரு, கடைய விட்டும் போக மாட்டாரு, செய்யிறவனையும் கெடுப்பாரு. தங்கச்சி, அவருக்கும் ரெண்டு கெடைக்குமா?”

குறிக்கோள் கட்டம்

இருபத்தைந்து அடி நடக்கவிட்டு நேரம் பார்ப்போம். பிறகு, சிகிச்சையில் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டுப் படிவத்தில் நிரப்ப வேண்டும். “மறுபடி நானே நின்னு, தட்டு நெறைய கொழம்ப வெள்ளமா ஊத்தணும்” என்றார். படிவத்தில் நடை இருந்தது, தூக்கம் இருந்தது, மனநிலை இருந்தது. குழம்பு இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். “‘மற்றவை’ன்னு போடும்மா. கொழம்புன்னு எழுதினா மேலிடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

சமையல்காரர் நாக்கு

மூன்றாம் மாதம் மிச்சத்தை எண்ணியபோது ஒரு கேப்சூல் கணக்கில் இடித்தது. உடைத்து நக்கிப் பார்த்திருக்கிறார். “மாவு! முப்பது வருஷமா மசாலா கலக்குறேன், எனக்குத் தெரியாதா?” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜ மருந்திலும் நிரப்புவதற்கு மாவு இருக்கும், நாக்கால் கண்டுபிடிக்க முடியாது என்றேன். ஆனால் விதிமீறலை எழுதியே ஆக வேண்டும். அவரை ஆய்விலிருந்து நீக்கவும் கூடும். “எழுதாத லா” என்று கெஞ்சினார். எழுதினேன்.

மேலிடத்திலிருந்து தீர்ப்பு வந்தது: நீக்க வேண்டாம், கேப்சூல் விழுங்கும் முறையில் அரை மணி நேரப் பயிற்சி தரவும். பேரன் எடுத்த மனிதருக்கு நான் ஒரு காலிக் கேப்சூலை விழுங்கிக் காட்டி, சான்றிதழில் கையெழுத்தும் வாங்கினேன். அவர் கேட்டார்: “தண்ணி குடிக்கிறதுக்குத் தனி கிளாஸ் உண்டா?”

கடைசி நடை

முதல் நாளைவிட அரை நொடி குறைவு. “மருந்தா இருக்கலாம், மாவா இருக்கலாம்” என்றார் டாக்டர். கடைத் தரையில் டேப் ஒட்டி, குழம்புச் சட்டிக்கும் கல்லாவுக்கும் இடையே தினமும் பழகினார் என்று மனைவி போட்டுக்கொடுத்தார்.

காதர் அண்ணே கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். “எதுவா இருந்தாலும் நிறுத்தாத தங்கச்சி. நேத்து நின்னுக்கிட்டே ஏழு தட்டுக்கு ஊத்துனேன்.”

அவருக்குப் போனது மருந்தா மாவா என்று தெரிந்தது ஒரு கணினிக்கு மட்டும்தான். அது என்னைவிடக் கூச்ச சுபாவம்.