அத்தையின் பையில் என் மஞ்சள் கவுன்

பரலோகம் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், ஒப்புக்கொள்ளாமல் எப்படி? ஆனால் அதை உண்மையிலேயே போய்ச் சேரக்கூடிய ஓர் இடமாக முழுசாக நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் அத்தை, இன்னொருவர் நான். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதில் நம்புவது பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வயிற்றில் புற்றுநோயை வைத்துக்கொண்டு அத்தை நம்பினாரே, அதுதான் பெரிசு.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர்களுடைய அம்மா போய்விட்டதால், தம்பியைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, சேலையூரில் எங்களோடு இருந்தார். வெளியுலகத்துக்கு அப்பா பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் "அக்கா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

மேற்கொண்டு வைத்தியம் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு அழுதுகொண்டிருந்த அந்த வாரத்தில் அத்தை மட்டும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். ஒரு வெள்ளைப் புடவை வாங்கினார். வெள்ளை சாக்ஸ் வாங்கினார். வெள்ளைக் கையுறைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் விற்கும் கடைக்குத்தான் போனோம்.

"பேண்டுக்கா மார்ச் பாஸ்டுக்கா மேடம், எந்த ஸ்கூலு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஸ்கூலுக்கு இல்லப்பா, எனக்குத்தான். சைஸ் பார்த்துக் குடு" என்றார் அத்தை.

அங்கேயே கையில் மாட்டி, விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துத் திருப்தியானார். கையுறை மாட்டிய கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கையுறை போட்டதில்லை.

எங்கள் ஜனங்களில் ஒருவர் இறந்தால் வெள்ளை உடுத்தி, கையுறையும் சாக்ஸும் மாட்டித்தான் பெட்டியில் வைப்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் அத்தை கண்டதெல்லாம், உடம்பைப் போட்டுவிட்டு சாக்ஸ் எங்கே, ரவிக்கை எங்கே என்று நாலு திசைக்கும் ஓடுகிற குடும்பங்களைத்தான். "போற அன்னிக்கு ஜனங்க உட்கார்ந்து அழணும். கடைகடையா அலையக் கூடாது" என்பது அவர் கட்சி. வாங்கியதையெல்லாம் ஒரு நீல ஏர்பேக்கில் அடுக்கினார். ஒரு சின்ன பாட்டில் சென்ட்டும் வைத்தார். பையைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாயங்காலம் அப்பா வந்ததும் கூப்பிட்டுக் காட்டினார்.

"எல்லாம் இதுல கீதுடா. அன்னிக்கு இந்தப் பையை நீதான் உன் கையால எடுத்துக் குடுக்கணும். வேற யாரும் வேணாம்."

அப்பாவுக்கு வந்தது பாருங்கள் கோபம். இது அவிசுவாசம் என்றார். ஆண்டவர் சுகம் கொடுப்பார் என்று தான் ராத்திரி பகலாக மன்றாடிக்கொண்டிருக்க, இவள் சாவுக்கு ஜவுளி எடுத்து வைக்கிறாளே என்றார். பையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அவரைப் பிடிவாதக்காரர் என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டால் அக்காவை அனுப்பி வைக்கச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று அவர் பயந்திருக்கிறார். பாவம்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டரும் சபையாரும் வந்து, அத்தைக்குச் சுகம் வேண்டிக் கண்ணீரோடு ஜெபிப்பார்கள். அத்தை எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்வார். டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பிப்பார்: "இதே மாதிரி இன்னொரு ஜெபமும் பண்ணுங்க பாஸ்டர். பயமில்லாம போய்ச் சேரணும்னு." பாஸ்டர் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். அப்பா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைக்கப் போய்விடுவார்.

நான் அத்தையிடம் நேராகவே கேட்டுவிட்டேன், எங்கே போகிறீர்கள் என்று. சுற்றி வளைக்காமல், "ஏசப்பாகிட்ட போறேன் பாப்பா" என்றார். எப்போது என்றதற்கு, கூப்பிட்டதும் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. சண்டே ஸ்கூல் டீச்சர் அந்த இடத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லியிருந்தார். அழுகை கிடையாது, பசி கிடையாது, பிள்ளைகளுக்கு அங்கே ரொம்பச் செல்லம். எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயத்தம் என்றால் என்ன என்று சரியாக எழுதி நான் பரிசுகூட வாங்கியிருந்தேன்.

வழி எது என்பதில்தான் குழப்பம். தாம்பரம் ஸ்டேஷனில் எத்தனையோ ஊர்களின் பெயரைச் சொல்வார்கள், அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே எங்கள் தலைக்கு மேல் தினமும் பறக்கிற விமானப்படை ஹெலிகாப்டர்களுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. அத்தை மட்டும் தனியாகப் போவதாவது? அம்மாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். அவள் என்னை பீச்சுக்கே அனுப்பமாட்டாள்.

ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது நீலப் பையைத் திறந்தேன். என் மஞ்சள் கவுன், டூத் பிரஷ், ஸ்கிப்பிங் கயிறு, சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வாங்கிய சிவப்பு ரிப்பன், வழியில் தின்ன அரைப் பாக்கெட் பிஸ்கட். எல்லாவற்றையும் வெள்ளைப் புடவைக்கு அடியில் திணித்து ஜிப்பை இழுத்தேன். பாதிக்கு மேல் ஏறவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டு, மனசு நிறைந்து தூங்கினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை அப்பாவுக்கு மறுபடி பை கண்ணில் பட்டது. இனிமேல் இது கீழே இருக்கக் கூடாது என்று இழுத்து, பரணில் போடத் தூக்கினார். ஜிப் வாயைப் பிளந்தது. புடவை விழுந்தது, கையுறை விழுந்தது, அவற்றோடு என் மஞ்சள் கவுனும் விழுந்தது. பிஸ்கட்டைத் தேடி வந்த எறும்புகள் வெள்ளைப் புடவை முழுக்க ஊர்ந்தன.

அப்பா அந்தக் கவுனையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. யார் வைத்தது என்று கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

"நான்தான். நானும் அத்தைகூட ஏசப்பாகிட்ட போறேன்" என்றேன்.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். அடிக்கிறாளா கொஞ்சுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாக்கா? பச்சைக் குழந்தை மனசுல இன்னா வெச்சிருக்கே பாத்தியா? நான் சொன்னேனே, அந்தப் பையே வேணான்னு."

அத்தை பயந்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். தன் சாவைப் பற்றி மாவு அரைக்கப் போவது போலப் பேசுகிறவர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார வைத்து, இது தனக்கு மட்டும்தான், எனக்கு இல்லை என்றார். நான் விடவில்லை. எல்லோரும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றுதானே டீச்சர் சொன்னார், நான் டூத் பிரஷ் வரைக்கும் எடுத்து வைத்துவிட்டேனே என்று வாதாடினேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும், அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கண்டிப்பா வரணும். ஆனா லேட்டா வா பாப்பா. ரொம்ப ரொம்ப லேட்டா வா. படிச்சி, வேலைக்குப் போயி, கிழவியாகி, பல்லெல்லாம் கொட்டினப்புறம் வா. நான் எங்கயும் போயிட மாட்டேன், வாசல்லயே நிக்கிறேன்."

"நீங்க மட்டும் ஏன் இப்பவே போணும்?" என்றேன்.

அத்தை பதில் சொல்வதற்குள் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, அவரும் அதையேதான் கேட்டார்: "ஆமாக்கா, நீ மட்டும் ஏன் போணும்?" யோசித்துப் பார்த்தால், அத்தனை வாரங்களாக அப்பாவும் நானும் கேட்டது ஒன்றுதான். நான் பையில் துணியை வைத்தேன், அவர் பையைப் பார்க்கவே மாட்டேன் என்றார்.

அத்தை அவர் தலையைக் கோதினார். "டேய், இன்னாத்துக்கு அழுவுற? எங்க போறேன்னு தெரிஞ்சிதானே போறேன். உன்னை அழ வெச்சிட்டுப் போறதுதான் எனக்குக் கஷ்டமா கீது. நீ தலையாட்டினா நான் நிம்மதியாப் போவேன்டா."

அப்பா தலையை ஆட்டவில்லை. மடியிலிருந்து முகத்தையும் எடுக்கவில்லை. அதற்குள் எறும்பு ஒன்று என்னைக் கடித்துவிட, நான் கத்தினேன். அத்தை உடனே நர்ஸ் ஆகிவிட்டார். "அந்தப் புடவையை எடு. முனையைப் புடி" என்று அப்பாவை அதட்டினார். ஒரு முனையை அப்பா பிடித்தார், கட்டிலில் உட்கார்ந்தபடியே மறுமுனையை அத்தை பிடித்தார். உதறினார்கள். எறும்புகள் கொட்டின. பிறகு இழுத்துப் பிடித்து, பாதியாக மடித்து, அப்பா நடந்து வந்து தன் முனையை அக்கா கையில் சேர்ப்பார். மறுபடி பின்னால் போவார், மறுபடி வருவார். அப்பாவின் சின்ன வயதில் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் போர்வைகளை இப்படித்தான் இருவரும் மடிப்பார்களாம். ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்தார்கள். அப்பா அதைப் பையில் வைத்தார், கையுறையை மேலே வைத்தார், ஜிப்பை மூடினார். பரணில் போடவில்லை. கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார்.

என் சாமான்கள் எனக்குத் திரும்பி வந்தன. ரிப்பன் மட்டும் வரவில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். அத்தையிடம் கேட்டேன். "பத்திரமா எங்கயாவது இருக்கும்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், பாஸ்டர் ஆரம்பிப்பதற்கு முன்பே அப்பா வாய் திறந்தார். அக்கா பயமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று ஜெபித்தார். நாலு வார்த்தைதான். அத்தையின் ஆமென் அன்றைக்குத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், காலைக் காப்பி நேரத்தில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே அத்தை போய்விட்டார். சத்தமே இல்லை. அப்பா குனிந்து, நீலப் பையை எடுத்து, செய்தி கேட்டு வந்து வாசலில் நின்ற பெண்களிடம் தன் கையால் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா, "எல்லாம் ரெடியா வெச்சிட்டுப் போயிருக்காங்களே" என்று வாய்விட்டு அழுதார். யாரும் எந்தக் கடைக்கும் ஓடவில்லை. அத்தை ஆசைப்பட்டபடி எல்லோரும் உட்கார்ந்து நன்றாக அழுதார்கள்.

கூடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். என்னைத் தூக்கிக் காட்டினார்கள். வெள்ளைப் புடவையில் அத்தை. மார்பின் மேல், கையுறை போட்ட கைகளுக்கு அடியில் அவருடைய வேதப்புத்தகம். பக்கங்களுக்கு நடுவே அடையாளமாக வைத்திருந்த ஒரு சிவப்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்றதெல்லாம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் அவர் எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

ஒரு பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு ஆரம்பிக்காத அமைதியில், "அது என் ரிப்பன்" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா அவள் கையை விலக்கிவிட்டு, என்னைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டார். பெட்டியைக் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து கல் மாதிரி இருந்தவரின் உதடு கோணியது.

"அது அத்தைகிட்டயே இருக்கட்டும்மா. நீ போறப்போ வாங்கிக்கலாம்."

"அடுத்த லீவுக்கா?"

"இல்லம்மா. லேட்டா. ரொம்ப ரொம்ப லேட்டா."

அத்தை சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அப்பா அழுதுகொண்டே சிரித்தார். சுற்றி இருந்த பெரியவர்களும் ஏனோ அழுதுகொண்டே சிரித்தார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து என் ரிப்பன் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் ஏதோ பேசி முடித்துவிட்டார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் கோபத்தில் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.