வளையல் போடாமல் போன ஃபைனல்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்குள் போய், கை நிறையச் சோப்பு நுரை தடவி, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவை உரசும் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டிருந்தேன்.

கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை...

உங்களில் சிலருக்கு என் கணவர் முரளியைத் தெரியும். அப்போது அவருக்கு ஸ்நூக்கர்தான் தொழில். அன்று ஜொகூர் பாருவில் பட்டத்துக்கான ஃபைனல். எதிரில் ஆ கியோங். குளுவாங் பக்கம் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனர், எங்களைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். பல வருடமாக இவர்கள் இருவருக்கும்தான் போட்டி. ஒருவரைத் தாண்டாமல் மற்றவருக்குக் கோப்பை கிடைக்காது.

அதற்கு முன்பு குளுவாங்கில் ஓர் ஆட்டம். ஆ கியோங் குனிந்து குறி பார்த்த நேரத்தில் நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். வளையல் கிலுங்கியது. பந்து பாக்கெட்டில் விழவில்லை.

"டேய் முரளி, ஒம் பொண்டாட்டிய வளையலோட கூட்டியாராத லா. நான் குனிஞ்சாலே கிலுகிலுங்குது. சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தியா?"

"போடத் தெரிஞ்சவன் உறுமி மேளம் அடிச்சாலும் போடுவான். போயி தண்ணி குடி போ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதனால்தான் அந்தச் சோப்பு.

கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் அத்தை. முரளியின் அம்மா. முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்த்தார்.

"என்னாம்மா இது, மூளிக் கையோட நிக்கிற?"

"ஹால்ல சத்தம் கேக்கும் அத்தை..."

"கேட்டா கேட்டுட்டுப் போவுது. புருசன் போட்டிக்குப் போற நாள்ல எவளாவது கைய வழிச்சிட்டு நிப்பாளா? அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடத் தேவலை.

வெளியே முரளி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அவசரமாக மாட்டப் போனால் வளையல் உடையும், அது இன்னும் மோசம். தலைமுடி கட்டும் சிவப்பு ரப்பரை எடுத்து மணிக்கட்டில் போட்டுக்கொண்டேன். அதுவும் வட்டம்தானே... படித்த பெண் நான். யூனிவர்சிட்டியில் புள்ளியியல் படித்தவள். அந்த ரப்பரை நம்பித்தான் காரில் ஏறினேன்.

ஹாலுக்குள் ஏர்கான் குளிரும் பழைய சிகரெட் வாடையும். மேசைக்கு மேலே மட்டும் வெளிச்சம். பச்சைத் துணியைச் சுற்றி எல்லாம் இருட்டு. நான் இரண்டாவது வரிசையில் கைகளைத் துப்பட்டாவுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முரளி இருமினால் ரப்பரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு முறை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். திறக்கும் வரை நான் மூச்சு விடவில்லை. அவர் முன்னே போனால் பயம், பின்தங்கினாலும் பயம். தோற்றால் அது என் கையால்தான். அந்த வீட்டில் கடைசி வரை அதுதான் என் பெயராக இருக்கும். வந்த ஐந்தாம் மாதமே மூளிக் கையோடு போய் நின்றவள்...

கடைசி ஃபிரேம். மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மீதி. யார் போடுகிறாரோ அவருக்குத்தான் பட்டம்.

முறை ஆ கியோங்குடையது. எனக்கே தெரியும், சுலபமான பந்து. குனிந்தார். நிமிர்ந்தார். கியூ கோல் முனையில் சாக் கட்டியைத் தேய்த்தபடி எங்கள் வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருட்டில் நான் தெரிந்திருக்க மாட்டேன். மறுபடியும் குனிந்தார்.

ஹாலில் ஒரு சத்தம் இல்லை. ரப்பரை முறுக்கி முறுக்கி என் விரல் மரத்துப்போயிருந்தது.

அடித்தார். பந்து பாக்கெட்டின் வாயில் இரண்டு பக்கமும் முட்டி, வெளியிலேயே நின்றது. யாரோ "அலமாக்" என்று அங்கலாய்த்தார்கள். முரளி எழுந்து போனார். அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து விழுந்த சத்தத்தைக் கேட்டேன், பார்க்கவில்லை.

கை குலுக்கல் எல்லாம் முடிந்து ஆ கியோங் என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, நீங்க இங்கதான் இருந்தீங்களா? அட கடவுளே! எப்பக் கிலுங்கும், எப்பக் கிலுங்கும்னு காத வச்சிட்டே நின்னேன். அது வரவே இல்ல. கை தவறிப் போயிருச்சி லா."

முரளி விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் முடியவில்லை. வெறுங்கை ஒருவரைத் தோற்கடித்திருக்கிறது. அது இந்தப் பக்கம் திரும்பியிருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் அத்தை கோப்பையைக்கூடத் தொடவில்லை. என்னை உட்கார வைத்து, கையில் எண்ணெய் தடவி, அவரே வளையல்களைப் போட்டுவிட்டார்.

"ஜெயிச்சிட்டான், சரி. ஒரு தடவ தப்பிச்சோம். இனிமே நீ அங்க போவாதம்மா."

நான் போகவில்லை. எத்தனையோ ஆட்டங்கள்... ஒன்றுக்கும் போகவில்லை. அத்தை காலமான பிறகும் போகவில்லை.

அப்போதெல்லாம் முடிவு தெரிய அவர் கார் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காரை நிறுத்தும் விதத்திலேயே ஜெயித்தாரா என்று தெரிந்துவிடும். இப்போது எல்லாம் ஃபோனில் லைவ். அடுக்களையில் நின்றபடி, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். திரை ஒரு நொடி உறைந்து நின்றால் எனக்கு அன்றைய குளிர் வந்துவிடும். இந்தப் பயம் வெறும் சகுனப் பயம் இல்லை. போன வருடம் பயிற்சி நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் ஆடலாம் என்கிறார், டென்ஷன் மட்டும் வேண்டாமாம். டென்ஷன் இல்லாத ஃபைனலை யார் கண்டார்கள்?

இந்த ஞாயிறு பெர்மாஸ் ஜெயாவில் மூத்த ஆட்டக்காரர்களுக்கான பட்டப் போட்டி. ஃபைனலில் இவரும் ஆ கியோங்கும்தான். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. நேற்றுகூட ஃபோனில், "மாத்திர போட்டுட்டு வாடா கிழவா" என்று ஆ கியோங் கத்தியது எனக்கே கேட்டது.

முரளி என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த முறை என்னால் அடுக்களையில் நிற்க முடியாது. எப்படியும் பயப்படத்தான் போகிறேன். அவர் மூச்சு எனக்குக் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பயப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன், முதல் வரிசைக்கு. வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.