கற்குவியலுக்கு அடியில்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிடம். பனி இறங்கியிருந்தது; நாற்பதடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாலக்கோட்டுக்கு மேற்கே, எங்கள் மேட்டுக்காட்டில் ஜேசிபி வந்து நின்றது. காட்டின் நடுவிலிருந்த கற்குவியலை வாரிவிட்டுத் தக்காளி நட மகன் ஏற்பாடு செய்திருந்தான்.

குவியலுக்கு அடியில் ஒரு கல்வட்டம் உண்டு. ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். சிறுவயதில் எண்ணியிருக்கிறேன்: இருபத்தொரு குண்டுக்கல். அதற்குள் ஏர் ஓட்ட மாட்டோம். ஆனால் உழவில் கிளம்பும் கற்களைப் பொறுக்கி அதன்மேல்தான் வீசுவோம்.

அந்த வட்டத்தின் ஓரத்தில்தான் எங்கள் மூத்த பெண்ணைப் புதைத்தோம். பதினொரு மாதம், நான்கு பல் முளைத்திருந்தது. தலைமாட்டில் ஒரு கல் நட்டேன். நாற்பத்து மூன்று வருடமாக அதன்மேலும் கல் விழுந்துகொண்டே இருந்தது. குவியலைத் தொட வேண்டாமென்று மகனிடம் மூன்று முறை சொன்னேன். அக்காவின் கல் தெரிந்ததும் நிறுத்திவிடலாம் என்றான். பார்த்ததும் காட்டிவிடுவேன் என்று நானும் நம்பினேன்.

எட்டே முக்காலுக்கு ஒரு பெரிய பலகைக்கல் புரண்டது. கீழே நான்கு பலகைக்கற்களை நிறுத்திச் செய்த பெட்டி. கையால் அளந்தேன், நீளம் ஒன்றரை முழம்தான். புதையலென்றால் தனக்கும் பங்கு உண்டு என்று ஓட்டுநர் சிரித்தார். மண்ணுக்குள் உள்ளங்கையளவு கிண்ணம் ஒன்று இருந்தது, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. எலும்பு கரைந்துபோயிருந்தது. கிண்ணத்தின் பக்கத்தில் அரிசி போலப் பால் பற்கள். ஆறு. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

பெரிய மனிதர்களுக்கு மட்டுமே இவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பேச்சே வராத ஒரு பிள்ளைக்காக, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், பாறையைப் பிளந்து இழுத்து வந்திருக்கிறார்கள். அந்த மூடுகல்லைத் தூக்கி வைக்க எட்டுப் பேராவது வேண்டும். எங்கள் பெண்ணுக்கு வந்தது இரண்டு பேர், நானும் என் தம்பியும்.

டீ கொண்டுவந்த என் மனைவி கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு குவியலைப் பார்த்தாள்.

"இவிங்க புள்ள வச்ச எடத்துலயே இருக்குது. நம்ம பாப்பா எந்தப் பக்கமுங்க?"

சுற்றி வந்தேன். இரண்டாவது முறையும் சுற்றினேன். எல்லாம் ஒரே மாதிரிக் கல். இருபத்தொன்றை எண்ணி வைத்திருந்த எனக்கு அந்த ஒன்றைக் காட்டத் தெரியவில்லை.

"உடுங்கப்பா," என்றான் மகன். "தக்காளிய இதச் சுத்திப் போட்டுக்கலாம்."

கிண்ணத்தையும் பற்களையும் இருந்தபடியே விட்டு, மண் தள்ளி, மூடுகல்லை ஜேசிபியாலேயே தூக்கி மேலே வைத்தோம். கிராம அலுவலருக்குத் தகவல் சொன்னேன். வாரிய கற்களைத் திரும்பக் கொட்ட மனைவி விடவில்லை. அவை இப்போது வரப்பில் கிடக்கின்றன.

ஓட்டுநர் தன் படிக்காசை வாங்க மறுத்துவிட்டார். ஜேசிபிக்கு மணிக்கு ஆயிரத்து இருநூறு, மூன்று மணி நேரம். ஆக மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.