எடுக்காத வெற்றிலை

போர்க்காலத்து மார்கழி. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் விடிந்தும் வெகுநேரம் பனி விலகாது. திருச்செங்கோட்டு மலை அடிவாரமே இல்லாமல் வானத்தில் மிதக்கும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முகங்கள் வருவதில்லை, பனிக்குள் குரல்கள்தான் வருகின்றன. அதிலும் பாதி சண்டைக் குரல்கள், கருமம்!

மாட்டு விலை ஏறியிருந்தது, திருட்டும் ஏறியிருந்தது. ஊர்க் காவல்காரர்களுக்கு அறுப்பில் கூலியாகச் சோளம் அளக்க வேண்டும். ஊரில் இரண்டு தெரு: மேல்வளவில் நிலம் அதிகம், கீழ்வளவில் மாடு அதிகம். மாட்டுக் கணக்கில் அளக்கலாம் என்றது மேல்வளவு, நிலக் கணக்கில் என்றது கீழ்வளவு. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடும். பேசி முடித்ததும் வெற்றிலைத் தட்டு சுற்றிவரும். எல்லாரும் எடுத்தால்தான் முடிவு. ஒருவர் எடுக்காவிட்டாலும் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவைப்பார்கள். இப்படியே தள்ளித் தள்ளி வருஷம் ஓடியது. எடுக்காதவர்களில் முதல் ஆள் மேல்வளவுக்காரரான என் மாமனார்.

மோர் கொண்டுபோன சாக்கில் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க மாமா, ஒரு வெத்தல எடுத்தா கை தேஞ்சு போயிருமுங்களா?"

"மாடு நெறைய வெச்சிருக்கறவன் குடுக்கட்டும் அம்மிணி. நமக்கென்ன?"

"நம்ம ஊட்லயும் ஒண்ணு நிக்குதுங்களே!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த ஒன்று, என் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த செவலைப் பசு. அந்த மார்கழியில் நிறைசினை. எனக்குப் பிள்ளை இல்லை. மத்தியான வெயிலில் அதன் வயிற்றில் கை வைத்து நிற்பேன். உள்ளே கன்று மெல்லப் புரளும். எனக்குக் கண் செருகிவிடும். என் உயிரே அந்தத் தொழுவத்தில்தான் இருந்தது.

சோளம் கிடைக்காத காவல்காரர்கள் சங்ககிரிப் பக்கம் பிழைக்கப் போனார்கள்.

ஓடைக்கு அக்கரையில் என் பிறந்த ஊர். ஓர் ஊரில் கொம்பு ஊதினால் மற்ற ஊர் ஆண்கள் தடியோடு ஓடிவர வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் பழைய பேச்சு. புரட்டாசியில் அங்கே ஊதினார்கள். திருடர்கள் ஆட்டுப்பட்டியையே ஓட்டிப்போனார்கள். எங்கள் ஊரார் யார் போவது என்று கோயில் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அந்தத் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுப் படி ஏற எனக்கு முகமில்லை.

மார்கழியில் ஒரு விடியலில் எங்கள் ஊரில் கொம்பு ஊதினார்கள். தொழுவம் வெறுமையாகக் கிடந்தது. ஓடைக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர்தான் பின்னால் வந்தார்கள். திருடர்கள் பெருங்கூட்டமாக அரிவாளோடு அக்கரை ஏறிவிட்டார்கள். அங்கே யாராவது மறித்தால்தான் உண்டு. பனிக்குள்ளிருந்து என் செவலை கத்தியது. அக்கரை வரப்பின்மேல் தடியோடு ஒருவர் நின்றார். என் அண்ணன்.

"மறியுங்கண்ணா! நம்மூட்டுச் செவலைங்ணா!"

அவர் அசையவில்லை.

"எங்கூர்லயும் கூட்டம் கூடியிருக்குது அம்மிணி. எல்லாரும் வெத்தல எடுத்ததும் வாரோம்."

அழுதுகொண்டேதான் சொன்னார்.