லாபம், ரெண்டு, மூணு

போன ஆடி மாதம் வரை என் மேஜை இழுப்பறையில் ஒரு பித்தளை விசில் கிடந்தது. பச்சைக் கயிறு கோத்த பட்டாளத்து விசில். கயிறு நைந்து நிறம் போய்விட்டது, பித்தளையும் கறுத்துவிட்டது. வீடு மாறும்போதெல்லாம் அதைக் கைக்குட்டையில் சுற்றி நானே எடுத்து வைப்பேன். மனைவி கண்ணில் பட விட்டதில்லை. ஒருமுறைகூட ஊதியதுமில்லை. அது என் மாமனாருடையது. ஐந்து நிமிட வேலை ஒன்றுக்காக அதை என் கையில் கொடுத்தார். அந்த வேலையை நான் செய்யவில்லை, விசிலையும் திருப்பித் தரவில்லை.

மாமனார் வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். யுத்தத்தில் பர்மா வரை போய், ஹவில்தாராகத் திரும்பி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்துக் குடியேறியவர். ஊரில் நிலம் இருக்க இங்கே என்ன வேலை என்று கேட்டால், “ரெண்டு பக்கமும் ஆறு ஓடுது மாப்பிள்ளை, வேற என்ன வேணும்?” என்பார். கூரைக்குக் கீழே அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் காவிரி, வெயில் சாய்ந்ததும் கொள்ளிடத்து மணல். மாடு வாங்கும் உத்தேசம் எதுவுமில்லாமல், காளைகளைப் பார்ப்பதற்காக மட்டும் மணப்பாறைச் சந்தைக்கு சைக்கிள் மிதிப்பார். போகிற வழியில் யாருக்காவது டயர் பஞ்சரானால் அன்றைக்குச் சந்தை அவ்வளவுதான். உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கம்பளியை ஒரு மழை நாளில் பரிசல்காரருக்குப் போர்த்திவிட்டு, வெறும் உடம்போடு வீட்டுக்கு வந்தவர். ஆற்றங்கரைக்குச் சோறு கட்டினால் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் கட்டக்கூடாது. “வர்றவங்க யாருன்னு இப்பவே தெரியுமா? கூடக் கட்டு” என்று மாமியாரை விரட்டுவார். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே கூடக் கட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் அவரோடு ஆற்றுக்குப் போவார்கள். என் மனைவியின் அக்கா பிள்ளைகள் மூவர், அண்ணன் பிள்ளைகள் இருவர், கடைசியாக என் மகள். நான் ஏழாவது. ஆமாம், என்னையும் சேர்த்துத்தான் வைத்திருந்தார். குளித்துக் கரையேறியதும் விசில் ஊதுவார். எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். பட்டாளத்து வழக்கம்தான், ஆனால் எண்கள் களத்துமேட்டு எண்கள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள் அல்லவா, அப்படி. சின்னக் குழந்தைதான் முதலில் நிற்கும். ஆகவே நாலு வயதான என் மகள் வயிற்றை எக்கிக்கொண்டு “லாபம்!” என்று கத்துவாள். பிறகு ரெண்டு, மூணு, நாலு என்று ஓடி வந்து என்னிடம் நிற்கும். கல்யாணமான ஆள், அரசாங்க உத்தியோகஸ்தன், ஈரத்துண்டோடு படித்துறையில் நின்று “ஏழு” என்று கத்துவதா? வாய்க்குள்ளேயே முனகுவேன். “சத்தமா மாப்பிள்ளை!” என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “பர்மாவுல ஒரு ஆத்தைக் கடந்தோம். பதினோரு பேர் எறங்குனோம். அக்கரையில யாரும் எண்ணலை. ஒரு மைல் நடந்தப்பறம்தான் ஒன்பது பேர்னு தெரிஞ்சுது.” அவ்வளவுதான் சொன்னார். அவர் யுத்தத்தைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடிப் பதினெட்டு. காவிரியில் இரு கரையும் தொட்டு வெள்ளம். படித்துறையில் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் சித்திரான்னத் தூக்குகளுமாகக் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் ஓரப் படியில் சொம்பால் மொண்டு குளித்து முடித்தார்கள். மாமனார் புளியோதரைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். “பரிசல்காரங்க காலைலேருந்து சாப்பிடலையாம். குடுத்துட்டு வந்துடறேன். நீங்க எண்ணிடுங்க மாப்பிள்ளை.” அதே நேரம் பார்த்து, நான் வேலை பார்த்த கன்டோன்மென்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் மனைவியோடு மேல்படியில் வந்து நின்றார். “என்ன சார், குடும்பத்தோடயா?” என்றார். அவர் முன்னால் விசில் ஊதி, லாபம், ரெண்டு என்று நாடகம் போடுவதா? விசிலைச் சட்டைப் பையில் திணித்தேன். பிள்ளைகள் கூட்டமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். குத்துமதிப்பாக ஒரு பார்வை பார்த்தேன். கீழ்ப்படியிலிருந்து மாமனார் கேட்டார், “சரியா இருக்கா?” நான் அவர் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தி, “சரியா இருக்கு மாமா, ஏழு” என்றேன். அதற்குப்பின் தலைமை எழுத்தரோடு மாற்றல் உத்தரவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

“பாப்பா எங்கே?” என்று என் மனைவி கேட்ட குரல் இப்போதும் காதில் இருக்கிறது. யாரோ ஆற்றில் விட்ட பூவும் வெற்றிலையும் மிதந்து போக, அதன் பின்னாலேயே படியோரமாக நடந்து, பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தால் குதித்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. மாமனார் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, போட்டிருந்த சட்டையோடு பாய்ந்தார். வெகுதூரம் தள்ளி, அடுத்த துறைக்குப் பக்கத்தில் தலை தெரிந்தது. ஒரு கையில் அவள் தலைமயிர். கரையில் போட்டு முதுகைத் தட்டியதும் அவள் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். அழுகை வந்ததும் அவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் கல் கிழித்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அவரைத்தான் பிடித்தார். “பட்டாளத்துல எண்ணிக் கிழிச்சீங்களே, ஒரு குழந்தைய எண்ணத் தெரியலையா உங்களுக்கு?” மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையிலிருந்து விசிலின் கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் பார்வையை எடுத்துவிட்டு மாமியாரிடம் சொன்னார்: “தப்புதான். பார்க்காம விட்டுட்டேன்.” என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

நாலு நாள் கழித்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். “மாமா, அன்னைக்கு...” என்று ஆரம்பித்ததுமே கையமர்த்தினார். “விடுங்க மாப்பிள்ளை. என் தப்புன்னா ரெண்டு நாள் திட்டுவாங்க. உங்க தப்புன்னா எம் பொண்ணு காலத்துக்கும் மறக்க மாட்டா.” எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. அவர் தப்பாக எண்ணியது அந்த ‘ரெண்டு நாள்’ ஒன்றைத்தான். இரண்டு நாளில் முடியவில்லை. இனிமேல் பிள்ளைகளை அவரோடு ஆற்றுக்கு அனுப்புவதில்லை என்று வீட்டுப் பெண்கள் முடிவு செய்தார்கள். அவர் சாகும்வரை, ஆறு வருஷம், அந்த முடிவு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் சற்று நேரம் நிற்பார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பிறகு தனியாக நடப்பார். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு பேரும் அவர் பின்னால் ஓடியிருப்பார்கள்.

சொல்லாதது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வளைகாப்பு விருந்தில் இலை போடும்போது எத்தனை பேர் என்று சமையல்காரர் கேட்டார். “மாமாவை மட்டும் எண்ணச் சொல்லிடாதீங்க” என்றேன் நான். பந்தி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை எடுத்து எனக்குத்தான் முதலில் ஊற்றினார். இன்னொரு நாள், அலுவலக விருந்தாளி ஒருவரை அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மாமனார் குளித்துக் கரையேறி, துண்டைப் பிழிந்துவிட்டு, விறைப்பாக நின்றார். “லாபம்” என்றார், மெதுவாக. அடுத்த எண்ணுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

போன ஆடிப் பதினெட்டுக்கு மகள் வந்திருந்தாள். அவளுக்கும் ஆறு வயதில் ஒரு பெண். அதே படித்துறையில் உட்கார்ந்து, பேத்தியிடம் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்க தாத்தாவுக்கு எல்லாம் தெரியும், எண்ண மட்டும் வராது.” பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் பழக்கதோஷத்தில் சிரிக்கப் போனேன். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து விசிலை எடுத்தேன். அன்று காலையில் எதற்காக அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. “எண்ண வேண்டியது அவர் இல்லம்மா. நான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், வளைகாப்பு உட்பட.

மகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “கடைசி வரைக்கும் நான் அவர்கூட ஆத்துக்குப் போகவே இல்லையேப்பா” என்றாள். விசிலை வாங்கி முந்தானையால் துடைத்து ஊதினாள். இத்தனை வருஷம் கழித்தும் அது கூர்மையாகவே கேட்டது. அதற்குள் படியில் விளையாடப் போயிருந்த பேத்தி ஓடி வந்து முன்னால் நின்றாள். மகள் அவள் தலையைத் தொட்டு, “லாபம்” என்றாள். தன் மார்பில் கை வைத்து, “ரெண்டு” என்றாள். அடுத்தது என் முறை என்று நான் எழுந்து நின்றேன். அவள் விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துப் படியேறிப் போனாள்.