மரம் இருக்கா அக்கா?

பத்து வயதில் நான் மனமார வெறுத்த ஒரே ஆள் என் அத்தை மகள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒரு பட்டியலே வாசித்திருப்பேன்.

நாங்கள் இருந்தது கூடலூரில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா பிறந்ததோ இலங்கையில், ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இரு நாட்டு ஒப்பந்தப்படி, பதினான்கு வயதில் அவரைக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவருடைய அக்கா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, கணவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் மரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தான ‘ரா’வை வெட்டிவிட்டு வந்தாராம். பால் மரத்தைக் காயப்படுத்தியதற்கு வீட்டில் செம்மையாக அடியும் விழுந்ததாம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குச் சலித்துவிட்டது. தம்பி கைக்குழந்தை. ஆகவே கதையும், அந்த மரமும், அந்த அடியும் எனக்கே எனக்கு என்று நான் வைத்திருந்தேன்.

மாதத்துக்கு ஒருமுறை அப்பா அத்தையோடு போனில் பேசுவார். உடம்பு, மழை, யார் வீட்டில் கல்யாணம் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒன்று கேட்பார்.

“மரம் இருக்கா அக்கா?”

“இருக்குடா தம்பி. அப்பிடியே இருக்கு.”

அதைக் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார். மரத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனால்கூட அத்தை தகவல் சொல்வார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே போர் முடிந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து, அப்பா ஒருவழியாகப் பணம் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்தார். கைக்குழந்தையோடு அம்மா வரமுடியாது என்றாகி, இரண்டாவது டிக்கெட் எனக்கு வந்தது. திருச்சியில் விமானம் ஏறும்போது என் தலை கனத்துப் போயிருந்தது. மரத்தைப் பார்க்க அப்பா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார், வேறு யாரையும் இல்லை.

கனம் இறங்கத் தொடங்கியது ருவான்வெல்லை பஸ்ஸில். அப்பா கண்டக்டரிடம் சிங்களத்தில் பேசினார். பேசினார் என்பது குறைவு, சிரித்துச் சிரித்துக் கதையடித்தார். பத்து வருடமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனிதருக்கு இப்படி ஒரு பாஷை தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ‘என்னப்பா சொன்னீங்க?’ என்று கேட்டேன். ‘சும்மாதான் பாப்பா’ என்றார்.

லயத்து வாசலில் அத்தை அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அத்தைக்குப் பின்னால் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னலோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவள் தலையில் கைவைத்து, “வா மருமகளே!” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பா என்று ஊரில் ஆயிரம் பேரை ஆயிரம் பேர் கூப்பிடுகிறார்கள். மருமகளே என்பதை அவர் சொன்ன மாதிரி யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் தலைகீழாக நின்றாலும் அவருக்கு மருமகளாக முடியாது என்பது வேறு. அவளை ‘மதினி’ என்று கூப்பிடச் சொன்னார்கள். இருந்த நாலு நாளும் ‘ஏ’ என்றே சமாளித்தேன்.

அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி பச்சைப் பட்டுப்பாவாடை வாங்கியிருந்தார். எனக்கு அளவாக இருந்தது. அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. அதைக் கட்டிக்கொண்டு அவள் வந்து நின்றதும் லயமே கூடி அழகு அழகு என்றது. என் காலில் அட்டை ஏறி நான் அலறியபோது, அவள் சோப்பைத் தேய்த்து அதை விழவைத்தாள். ‘மருமக கெட்டிக்காரி’ என்றார் அப்பா. கடிபட்டவள் நான், பாராட்டு அவளுக்கு.

வந்த அன்றே அப்பா மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை தன் மகளைப் பார்த்தார், அவள் அத்தையைப் பார்த்தாள்.

“மழைடா தம்பி. வழி வழுக்கும். நாளைக்குப் போவோம்” என்றார் அத்தை.

மறுநாள் அட்டை அதிகம் என்றார். அன்று காலையில் அத்தை மகள் என்னை மட்டும் ஒட்டுப்பால் எடுக்கக் கூட்டிப்போனாள். மரத்தில் வெட்டின இடத்தில் பால் வழிந்து நின்ற பிறகு, மிச்சம் அங்கேயே உறைந்து நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஒட்டுப்பால். அவள் ஒன்றை உரித்து என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள். நீண்டுகொண்டே வந்தது.

“இது நேத்து வெட்டுனது. அதான் வெள்ளையா இழுத்தா வருது. நாள்பட்டுச்சுன்னா கறுத்துப்போயி முறிஞ்சிரும்” என்று சொல்லிக்கொடுத்தாள். தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடும் குணம் அவளுக்கு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் அவளைக் காணோம். அந்த இரண்டு மணி நேரமும் அப்பா எனக்கே கிடைத்தார். சாயத்தண்ணி என்கிற பால் விடாத தேநீரைக் குடித்துக்கொண்டே ‘ரா’ வெட்டின கதையை இன்னொரு தடவை சொன்னார். அவள் நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது விரல்களெல்லாம் கரியாக இருந்தன. அடுப்பு வேலை செய்திருப்பாள் என்று நினைத்தேன். சனியன் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கக்கூடாதா என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மழையும் இல்லை, அட்டைக்கும் இரக்கம் வந்துவிட்டது. எல்லோரும் மேலே ஏறினோம். தோட்டத்துக் கங்காணியும் கூட வந்தார். அவர் சிங்களவர், அப்பாவோடு சின்ன வயதில் ஆற்றில் குளித்தவராம். அத்தை மகள் முன்னால் நடந்தாள். “மாமா, இங்கிட்டு வாங்க, கையைப் புடிச்சுக்கங்க” என்றாள். அப்பா பிடித்துக்கொண்டார். என்னுடைய மரத்துக்கு, என்னுடைய அப்பாவை, அவள் வழிகாட்டிக் கூட்டிப்போனாள். நான் கடைசியாக, வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மரம் வந்தது. நெஞ்சு உயரத்தில் ‘ரா’ இருந்தது. கறுத்து, பழசாகத் தெரிந்தது. அப்பா மரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பிடித்துப் பார்த்தார். அண்ணாந்து கிளையைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. அவர் அத்தை மகளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டு, “பத்திரமா வச்சிருக்கீங்களே மருமகளே” என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுத்தைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில் கிட்டே போனேன். கரிக்கு அடியில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. நகத்தால் கிளப்பி இழுத்தேன். அது முறியவில்லை. இழுக்க இழுக்க வந்தது.

“அப்பா, இது பழசில்ல! நேத்து வெட்டினது. இவதான் வெட்டிட்டுக் கரியைப் பூசியிருக்கா!”

நூலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். அத்தை மகளின் முகம் வெளுத்துப்போனது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

கங்காணி என் தமிழை நன்றாகவே புரிந்துகொண்டார். “புது வெட்டா? இது அக்கா பால் வெட்டுற நிரைதானே?” என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார். பால் மரத்தில் காயம் என்றால் அந்த மர வரிசைக்குப் பொறுப்பான நிரைக்காரரைத்தான் பிடிப்பார்கள், நிரையைப் பிடுங்கி வேலையிலிருந்தே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்பா கங்காணியின் தோளில் கைபோட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கங்காணி மரத்தை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா என் கையிலிருந்த நூலை வாங்கி உருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சும்மா இரு பாப்பா” என்றார். நாலு பேர் முன்னால் அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

அப்பா கங்காணியிடம் என்ன சொன்னார் என்பதைக் கீழே இறங்கும்போது அத்தை மகளே எனக்கு மொழிபெயர்த்தாள். நான் அவளிடம் கேட்கவில்லை. “அந்த எழுத்து நான் சின்னதுல வெட்டுனதுதான், எம்மக தேயிலைத் தோட்டத்துப் புள்ள, கொழுந்துதான் தெரியும், ரப்பர் தெரியாதுன்னு சொன்னாங்க” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. என் சொந்த அப்பா, என்னை ஒன்றும் தெரியாதவளாக்கி அவளைக் காப்பாற்றியிருக்கிறார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் வந்து இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடுவார் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை.

கிளம்புகிற அன்று அவள் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்து ஒன்றை எனக்குக் கொடுத்தாள். தரையில் போட்டால் தலைக்கு மேலே துள்ளும். அதை அவிசாவளையில் பஸ் மாறும்போது சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டு வந்தேன். மறந்தேன் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆனது. அப்பா அத்தைக்குப் போன் போட்டார். உடம்பு, மழை, கல்யாணம் எல்லாம் முடிந்தது.

“மரம் இருக்கா அக்கா?”

“இருக்குடா தம்பி. அப்பிடியே இருக்கு.”

நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நூலைக் கையில் எடுத்துக் காட்டியும் என்னை நம்பவில்லையே, அவர்களைத்தானே நம்புகிறார் என்று போர்வைக்குள் அழுதேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் ரப்பர் வைக்கலாமா என்று அப்பாவிடம் யோசனை கேட்க வந்தார். அப்பா சட்டென்று, “முப்பது வருசம் பால் வரும். அதுக்கு மேல நிக்கவிட மாட்டாங்க, பிடுங்கிட்டுப் புதுசு வச்சிருவாங்க” என்றார். பால் வெட்டுகிறவர் மகன் அவர். கத்தி பட்ட இடத்தைப் பார்த்தே நாள் சொல்லக்கூடியவர். அவர் ‘ரா’ வெட்டின மரம் அப்போதே முற்றின மரம். நான் பிறப்பதற்கு முன்பே அது விறகாகப் போயிருக்கும். அது அப்பாவுக்குத் தெரியும், சொல்லிக்கொண்டே வந்த அத்தைக்கும் தெரியும், கரி பூசியவளுக்கும் கங்காணிக்கும் தெரியும். அந்த மேட்டில் நின்றவர்களில் தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான். கண்டுபிடித்துவிட்டதாகக் கத்தியவளும் நான்தான்.